பாதி பூட்டிய பழைய ஜீப்பில் பழுது கண்டுபிடிப்பது எப்படி? வீட்டிலேயே சீரமைக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டியில் தோன்றும் பழுதும், வீட்டில் பிரித்துப் பாதி பூட்டிய வண்டியில் தோன்றும் பழுதும் வேறு வேறு. முன்னதில் நேற்று வரை வேலை செய்த ஏதோ ஒன்று இன்று கெட்டிருக்கிறது. பின்னதில் எந்தப் பாகம் கடைசியாக எப்போது சரியாக வேலை செய்தது என்பதே யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட வண்டியில் வயதால் வந்த பழுதுகள், முந்தைய உரிமையாளர்கள் ஒட்டுப்போட்டு விட்டுச் சென்ற பழுதுகள், சீரமைக்கும்போது நாமே அறியாமல் புகுத்திய பழுதுகள் என மூன்று வகையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். புதிதாக இறங்குபவர்கள் முதல் இரண்டையும் தேடி அலைவார்கள். முதலில் சந்தேகிக்க வேண்டியது மூன்றாவதைத்தான். கடைசியாகக் கை வைத்த இடம் எதுவோ அங்கிருந்து தேடத் தொடங்கினால் பாதிப் பழுதுகள் அங்கேயே பிடிபட்டுவிடும்.

இந்தக் கட்டுரை 1940களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை வந்த வில்லிஸ் ஜீப், லேண்ட் ரோவர் சீரிஸ், டொயோட்டா லேண்ட் குரூசர் 40 வரிசை போன்ற வண்டிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஏணி வடிவச் சேஸிஸ், பட்டை ஸ்பிரிங், முன்னும் பின்னும் முழு ஆக்சில், கார்புரேட்டர் பெட்ரோல் எஞ்சின், பாயின்ட் (தீப்பொறிக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு சுவிட்ச்) வைத்த, பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர், பெரும்பாலும் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், தேவையானபோது மட்டும் முன் சக்கரங்களை இணைக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று இவற்றின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. ஆகவே சோதிக்கும் முறையும் ஒன்றே. அளவுகள் மட்டும் மாறும்.

கை வைக்கும் முன்

அந்தந்த மாடலுக்குரிய பணிமனைக் கையேட்டை முதலில் வாங்கிவிட வேண்டும். பிறகு ஒரு நோட்டுப் புத்தகம். எந்தத் தேதியில் எதைக் கழற்றினோம், எதை மாற்றினோம், எந்த அளவில் வைத்தோம் என்பதை அன்றன்றே எழுதி வைப்பது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் ஆறு மாதம் கழித்து எஞ்சின் ஏன் கிளம்பவில்லை என்று தேடும்போது அந்தப் பக்கங்களைவிடப் பயனுள்ள கருவி வேறு இல்லை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்துவிட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டும். பிளக், பாயின்ட், கார்புரேட்டர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிய பிறகு எஞ்சின் கிளம்பாவிட்டால், மூன்றில் எது காரணம் என்று எந்த அனுபவசாலியாலும் சொல்ல முடியாது.

பாதுகாப்பில் இந்த வண்டிகளுக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகளிலும் பல ஜீப்புகளிலும் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், ஆக்சிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும் தனி டிரம்மில் இருக்கிறது. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கியதும், டிஃபரன்ஷியல் (ஓர் ஆக்சிலின் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்லமைப்பு) வழியாக அந்தச் சக்கரம் சுற்றிக்கொள்ள, தரையில் நிற்கும் மற்றொன்று உருளலாம். ஹேண்ட் பிரேக் முழுதாக இழுத்திருந்தும் வண்டி நகரும். ஆகவே தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்காமல் ஜாக்கியைத் தொடக்கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவும் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புள்ளதால், டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியை ஊதுவதற்குப் பதிலாக ஈரத்துணியால் துடைத்தெடுத்து, அந்தத் துணியை மூடிய பையில் போட வேண்டும். பெட்ரோல் குழாயைக் கழற்றும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

முதலில் மின்சாரம், அதிலும் முதலில் எர்த்

எஞ்சினைவிட்டு வயரிங்கில் தொடங்குவது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியில் மிகுதியாக வரும் பழுது மோசமான எர்த்தே என்பதால் இந்த வரிசை. பழைய வண்டியில் விளக்கு, ஹாரன், ஸ்டார்ட்டர் என எல்லாவற்றுக்கும் திரும்பும் மின்சாரம் உலோக உடல் வழியாகவும் சேஸிஸ் வழியாகவுமே பேட்டரிக்குப் போகிறது. சேஸிஸைத் துரு நீக்கி, பிரைமர் கொடுத்து, இரண்டு கோட் பெயின்டும் அடித்து, அதன்மேல் எர்த் கேபிளின் போல்ட்டை முறுக்கினால், அந்தப் பெயின்ட் படலமே மின்சாரத்துக்குச் சுவராகிவிடும். விளக்குகள் மங்கலாக எரியும். ஒரு பக்க இண்டிகேட்டரைப் போட்டால் மறுபக்க விளக்கும் லேசாக ஒளிரும். ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றும். பேட்டரி புதிது, ஸ்டார்ட்டர் புதிது, வயர் புதிது என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் கரைவது இந்தக் கட்டத்தில்தான்.

சோதனை எளிது. மல்டிமீட்டரை வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனைக் கம்பத்திலும், மறுமுனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத ஓரிடத்திலும் அழுத்திப் பிடித்து, வேறொருவரை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்ல வேண்டும். மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.5 வோல்ட்டைத் தாண்டினால் இடையில் எங்கோ தடை இருக்கிறது. அடுத்துப் பேட்டரிக் கம்பத்துக்கும் சேஸிஸுக்கும், சேஸிஸுக்கும் எஞ்சினுக்கும் என்று இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே போனால், தடை எந்த இணைப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பது தானே தெரிந்துவிடும். எஞ்சினும் கியர் பாக்ஸும் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் அவற்றுக்கும் சேஸிஸுக்கும் இடையே தனிப் பின்னல் கம்பி தேவை என்பதைப் பலர் பூட்டும்போது மறந்துவிடுகிறார்கள். அந்தக் கம்பி இல்லாத வண்டியில் ஸ்டார்ட்டருக்கான பெருமின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவோ சோக் கேபிள் வழியாகவோ திரும்பிப் போகும். கேபிள் சூடாகிப் புகைந்தால் காரணம் இதுதான். எர்த் அமரும் இடத்தில் காசளவு வட்டத்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, உலோகம் பளபளக்கும் வரை எமரித் தாளால் தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கிய பிறகு, மேலே கிரீஸ் தடவி மூட வேண்டும். முதலில் கிரீஸ், பிறகு போல்ட் என்று வரிசையை மாற்றக்கூடாது.

பேட்டரியை முதன்முறை இணைக்கும் முன் வண்டியின் துருவ அமைப்பைச் சரிபார்க்க வேண்டும். பல பிரிட்டிஷ் வண்டிகளில் 1960களின் பிற்பகுதி வரை பாசிட்டிவ் முனையே எர்த். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் நெகட்டிவ் எர்த்தும் 6 வோல்ட் மின்னமைப்பும் இருந்தன. இடையில் யாராவது மாற்றியிருக்கவும் கூடும். டைனமோ வைத்த வண்டியில் துருவத்தை மாற்றினால் டைனமோவையும் அதற்கேற்பத் துருவப்படுத்த வேண்டும். ஆல்டர்னேட்டர் வைத்த வண்டியில் தவறாக இணைத்தால் அதனுள் இருக்கும் டயோடுகள் அந்த நொடியே போய்விடும்.

ஃபியூஸ் போட்டவுடன் எரிந்துபோகிறது என்றால் அடுத்தடுத்து ஃபியூஸ்களைப் பலி கொடுக்க வேண்டியதில்லை. 12 வோல்ட் வண்டியில் ஃபியூஸ் அமரும் இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றைத் தொடராக இணைத்தால், ஷார்ட் இருக்கும் வரை பல்பு முழு வெளிச்சத்துடன் எரியும். அந்தச் சுற்றின் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வர, எந்த இணைப்பைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அந்தக் கிளையில்தான் ஷார்ட் இருக்கிறது. துணியும் ரப்பரும் சுற்றிய பழைய வயர்கள் வளையும் இடத்தில் உதிர்வதுண்டு. எஞ்சினுக்கும் ஓட்டுநர் இருக்கைக்கும் இடையே உள்ள தடுப்புத் தகட்டை (பல்க்ஹெட்) ஊடுருவும் துளையில் ரப்பர் வளையம் போட மறந்திருந்தால் புது வயரும் அங்கே அறுபடும்.

கிளம்ப மறுக்கும் எஞ்சின்

பல ஆண்டுகள் நின்றுபோன எஞ்சினை நேராக ஸ்டார்ட்டரால் சுழற்றுவது பேராசை. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு மூன்று கரண்டி எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, பிறகு கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றவில்லை என்றால் நீளமான நெம்புகோல் போட்டு முரட்டுத்தனம் செய்யாமல் மறுபடி ஊறவிடுவதே நல்லது. எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் இருக்கும் எண்ணெயை மாற்ற வேண்டும். வடிக்கும்போது அது மோர் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள், அப்போது எஞ்சினைக் கிளப்பும் எண்ணத்தை நிறுத்திவிட்டு ஹெட் கேஸ்கெட்டையும் பிளாக்கையும் பார்க்கப் போக வேண்டும். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோல் வார்னிஷ் போன்ற நாற்றம் வீசும். அதில் ஒரு துளியும் கார்புரேட்டருக்குப் போகக்கூடாது.

எஞ்சின் எரிய அழுத்தம், சரியான நேரத்தில் தீப்பொறி, சரியான அளவு பெட்ரோல் ஆகிய மூன்றும் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சோதிப்பதும் அதே வரிசையில் நடக்கட்டும். கம்ப்ரஷன் பார்க்கும்போது எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, திராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில் சுழற்ற வேண்டும். இந்தப் பழைய எஞ்சின்களின் அழுத்த விகிதமே குறைவு. போர்க்கால ஜீப்பில் ஏறத்தாழ 6.5க்கு 1 மட்டுமே. ஆகவே எண் சிறிதாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வேறுபாடு 10 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்த்தால் போதும். குறைவாக உள்ள சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்து, அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு சரியாக அமரவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்.

தீப்பொறிக்கு வருவோம். பிளக்கைக் கழற்றி வயரில் மாட்டி, அதன் உலோக உடலை எஞ்சினில் படும்படி வைத்துச் சுழற்றினால் நீலமான, சடசடக்கும் பொறி வர வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் ஈரம் இருக்கக்கூடாது. பொறி இல்லையென்றால் காயிலை (மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் சுருள்) மாற்ற ஓடாமல், டெஸ்ட் லேம்பின் ஒரு முனையைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையிலும் மறுமுனையை எர்த்திலும் கொடுத்து, இக்னிஷனைப் போட்டு எஞ்சினைச் சுழற்ற வேண்டும். பாயின்ட் திறக்கும்போது விளக்கு எரியும், மூடும்போது அணையும். ஆகவே மினுக்மினுக்கென்று விட்டு விட்டு எரிந்தால் அந்தச் சுற்று சரி, கோளாறு காயிலின் உயர்மின் பக்கத்திலோ ரோட்டரிலோ மூடியிலோதான். விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் மூடவில்லை, அல்லது அதன் முகத்தில் எண்ணெய்ப் படலம் ஒட்டியிருக்கிறது. புதுப் பாயின்ட்டுகள் துருப்பிடிக்காதிருக்க எண்ணெய் தடவித்தான் வரும், பூட்டும் முன் துடைத்துவிட வேண்டும். விளக்கு எரியவே இல்லையென்றால் முதலில் காயிலுக்கு மின்சாரம் வருகிறதா என்று அதன் மறுமுனையில் பார்க்க வேண்டும். வருகிறது, ஆனாலும் விளக்கு எரியவில்லை என்றால் பெரும்பாலும் அந்த மின்சாரம் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் நேராக எர்த்துக்குப் போகிறது.

இந்தக் கடைசிக் கோளாறைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் கையால் அடிக்கடி நிகழ்வது இதுதான். பாயின்ட்டின் ஸ்பிரிங் அமரும் சிறிய கம்பத்தில், கண்டன்சர் (பாயின்ட்டின் முகத்தில் பொறி பறக்காமல் காக்கும் சிறு மின்தேக்கி) வயரின் முனை, காயில் வயரின் முனை, நகத்தளவு ஃபைபர் வாஷர், மேலே ஒரு நட்டு என்று நாலைந்து பொருள்கள் அடுக்காக உட்காரும். இரண்டு வயர் முனைகளும் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும், கம்பத்தையோ அடித்தட்டையோ தொடக்கூடாது. வாஷரின் கழுத்து கம்பத்தின்மேல் சரியாக இறங்காமல் ஒரு பக்கம் சாய்ந்தாலும், அல்லது வயர் முனை வாஷருக்குக் கீழே மாட்டிக்கொண்டாலும், கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தபடியே மொத்தச் சுற்றும் செத்துக் கிடக்கும். கழற்றும் முன் எடுத்த புகைப்படம் காப்பாற்றும் இடம் இது.

பாயின்ட் இடைவெளியை ஃபீலர் கேஜால் வைக்க வேண்டும். லேண்ட் ரோவர் 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், வில்லிஸ் ஜீப்புக்கு 0.5 மில்லிமீட்டர். கேம் முகட்டின் உச்சியில் பாயின்ட் முழுதாகத் திறந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். இரண்டு எஞ்சின்களுக்கும் ஃபயரிங் வரிசை 1-3-4-2. வரிசை சரி, பொறி சரி, ஆனாலும் கார்புரேட்டர் வழியாக வெடித்துத் துப்புகிறது என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் நேர் எதிராக, அரைச்சுற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கலாம். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் விரலை வைத்து எஞ்சினைக் கையால் சுற்றி, காற்று விரலைத் தள்ளும் சுற்றில் டைமிங் குறி நேருக்கு வரும்போது ரோட்டர் முதல் சிலிண்டரின் வயரை நோக்கி நிற்கிறதா என்று பார்த்தால் ஐயம் தீரும்.

இன்னொன்று. புதிய பாகம் என்பதாலேயே அது நல்ல பாகம் ஆகிவிடாது. இப்போது கிடைக்கும் மறுதயாரிப்புக் கண்டன்சர்களிலும் ரோட்டர்களிலும் தரம் குறைந்தவை நிறைய இருக்கின்றன. வேலை செய்துகொண்டிருந்த பழைய பாகத்தைத் தூக்கி எறியாமல் பெயர் எழுதி எடுத்து வைப்பது சோதிக்கும் காலத்தில் பெரிய வசதி.

சூடானதும் நின்றுபோகும் எஞ்சின்

கால் மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு நின்றுபோகும், ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். இந்தப் புகாருக்கு மூன்று நான்கு காரணங்கள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் அறிகுறி ஒன்றுதான். நின்ற அந்த நிமிடத்திலேயே சோதித்தால்தான் பிரித்தறிய முடியும். தள்ளிக் கொண்டுவந்து நிழலில் நிறுத்தித் தேநீர் குடித்துவிட்டுப் பார்த்தால் ஆதாரம் அழிந்துபோயிருக்கும்.

நின்றதும் முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறக்க வேண்டும். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. டேங்குக்குள் வெற்றிடம் உருவாகிப் பம்ப்பால் இழுக்க முடியாமல் போயிருக்கிறது. அடுத்து உடனே பொறியைப் பார்க்க வேண்டும். பொறி இல்லை அல்லது மஞ்சளாக மெலிந்திருக்கிறது என்றால் கண்டன்சர் அல்லது காயில் சூட்டில் விட்டுக்கொடுக்கிறது. பொறி நன்றாக இருந்து கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம் காலியாக இருந்தால் பெட்ரோல் வரும் பாதையைத் தேட வேண்டும். சூடான எக்ஸாஸ்ட் குழாயை ஒட்டிப் போகும் பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துக்கொள்வது ஒரு காரணம். அங்கே குழாயின் பழைய பாதையை மாற்றிவிட்டோமா, வெப்பத் தடுப்புத் தகட்டைத் திரும்பப் பூட்ட மறந்தோமா என்று நோட்டுப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். டேங்குக்குள் உதிர்ந்த துரு உறிஞ்சு குழாயின் வாயில் திரண்டு, எஞ்சின் நின்றதும் கீழே படிந்துவிடுவது இன்னொன்று. பம்ப்புக்கு முன்னால் உள்ள ரப்பர் குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தால் அதிலிருந்து பெட்ரோல் சொட்டாது, ஏனென்றால் அது உறிஞ்சும் பக்கம். காற்றுதான் உள்ளே போகும். கசிவு இல்லை என்பதால் அதைக் குறையற்றது என்று எண்ணிவிடக் கூடாது.

டிப் ஸ்டிக்கில் எண்ணெய் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போய், முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தால், பம்ப்பின் உள்ளிருக்கும் டயாஃபிரம் கிழிந்து பெட்ரோல் சம்ப்புக்குள் இறங்குகிறது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் டயாஃபிரம்கள் தாக்குப்பிடிப்பதில்லை. எண்ணெயை மாற்றாமல் அதற்குமேல் எஞ்சினை ஓட்டக்கூடாது.

நான்கு சக்கர இழுவையைச் சோதிப்பது

சாதாரணக் காரைச் சீரமைத்தவருக்கும் புதிதாக இருப்பது இந்தப் பகுதிதான். இவ்வகை டிரான்ஸ்ஃபர் கேஸ்களில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. நெம்புகோலைப் போட்டதும் இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்டுகளும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போவதால், மண்ணில் சக்கரம் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். தார்ச்சாலையில் வழுக்க வழியில்லாமல் முறுக்கம் உள்ளேயே ஏறி, ஸ்டீயரிங் கனத்து, நெம்புகோல் எடுபடாமல் இறுகிவிடும். இது பழுதல்ல. நேராகச் சில மீட்டர் பின்னோக்கி ஓட்டினால் முறுக்கம் அவிழ்ந்து நெம்புகோல் தானே வந்துவிடும். லேண்ட் ரோவர் சீரிஸில் இன்னொரு குழப்பமும் உண்டு: மஞ்சள் குமிழை அழுத்தி நான்கு சக்கர இழுவையைப் போட்டபின், அதே குமிழைத் தூக்கி எடுக்க முடியாது. வண்டியை நிறுத்தி, சிவப்புக் குமிழ் நெம்புகோலைக் கீழ் விகிதத்துக்கு இழுத்து, மறுபடி முன்னால் தள்ளும்போதுதான் மஞ்சள் குமிழ் மேலெழும். இது தெரியாமல் பெட்டியைப் பிரித்தவர்கள் உண்டு.

முன் சக்கரங்கள் இழுக்கவில்லை என்ற ஐயம் வந்தால், கட்டைகள் கொடுத்து, முன் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நான்கு சக்கர இழுவையில் நெம்புகோலை வைத்து, தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சிறிது ஆட்டத்துக்குப் பிறகு அது இறுகி நின்றால் எல்லாம் சரி. தாராளமாகச் சுற்றினால், ஒருவர் சுற்றிக்கொண்டிருக்க மற்றவர் கீழே முன் புரொப்பல்லர் ஷாஃப்டைப் பார்க்க வேண்டும். ஷாஃப்டும் சேர்ந்து சுற்றினால் ஆக்சிலில் குறையில்லை, டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் இணையவில்லை. ஷாஃப்ட் அசையாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் ஃப்ரீவீலிங் ஹப் (முன் சக்கரத்தை அதன் ஷாஃப்டோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும் பூட்டு) பூட்டவில்லை, அல்லது அரை ஷாஃப்ட் முறிந்திருக்கிறது, அல்லது டிஃபரன்ஷியலுக்குள் கோளாறு. ஒரு பெட்டியையும் திறக்காமல் பழுது வண்டியின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று இவ்வளவு தெளிவாகக் காட்டும் சோதனை வேறு இல்லை.

அதே நிலையில், நெம்புகோலை இரு சக்கர இழுவைக்கு மாற்றிவிட்டு, ஆக்சில் விகிதத்தையும் எண்ணிவிடலாம். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றினால், புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுவே விகிதம். மறுபக்கச் சக்கரம் தரையில் நிற்பதால்தான் இரண்டு சுற்று. ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எண்ணுவது எளிது. பின் ஆக்சிலுக்கும் கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து இதையே செய்ய வேண்டும். அப்போது கட்டைகள் மட்டுமே வண்டியைப் பிடித்திருக்கும் என்பதை மறக்கக்கூடாது. இரண்டு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த வண்டிகளில் ஆக்சில்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் பூட்டப்பட்டிருக்கலாம்: போர்க்கால ஜீப்பின் விகிதம் 4.88, அதன் பிறகு வந்த சிஜே-2ஏவின் விகிதம் 5.38, லேண்ட் ரோவர் சீரிஸின் 4.7 விகித டிஃபரன்ஷியலுக்குப் பதிலாக ரேஞ்ச் ரோவரின் 3.54 பூட்டப்பட்ட வண்டிகளும் உண்டு. முன் ஆக்சில் மட்டுமோ பின் ஆக்சில் மட்டுமோ மாற்றப்பட்டிருந்தால் இரு சக்கர இழுவையில் வண்டி ஒழுங்காகவே ஓடும். நான்கு சக்கர இழுவையைப் போட்டதும் மண்ணில்கூட முட்டிக்கொண்டு நிற்கும். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர் போட்டாலும் இதே தொல்லை சிறிய அளவில் வரும்.

குறிப்பிட்ட வேகத்தில் வண்டி முழுதும் அதிர்ந்தால், புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிப் பெயின்ட் அடித்தீர்களா என்பதே முதல் கேள்வி. அதன் நடுவில் சறுக்கும் பல்லிணைப்பு இருப்பதால், திரும்பச் செருகும்போது எத்தனையோ நிலைகளில் உட்காரும். பெரும்பாலான ஷாஃப்டுகளில் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருந்தால்தான் யூனிவர்சல் ஜாயின்ட்டுகளின் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று ரத்து செய்யும். ஒரு பல் தள்ளிச் செருகினாலும் அதிர்வு வரும். உற்பத்தியாளர் பொறித்த அம்புக்குறிகள் புதுப் பெயின்ட்டுக்கு அடியில் மறைந்திருக்கலாம், சுரண்டிப் பாருங்கள்.

ஓடும்போது கியர் நழுவுவதற்கும் உள்ளே தேய்ந்த பற்களைக் காரணம் காட்டும் முன், புதிதாகப் போட்ட தரைத்தகடோ ரப்பர் விரிப்போ நெம்புகோலின் வீச்சைத் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு விரல் அளவு தடுத்தாலே கியர் முழுதாக விழாது. முனகல் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் முன் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, பின் சக்கர இழுவையில் ஓட்டிப் பார்த்தால் பாதி ஐயம் விலகும். கிளட்ச்சை மிதிக்கும்போது மட்டும் வரும் சத்தம் ரிலீஸ் பேரிங். மிதித்ததும் மறையும் சத்தம் கியர் பாக்ஸின் உள்நுழையும் ஷாஃப்டின் பேரிங்.

எண்ணெய்க் கசிவில் ஒரு பழக்கத்தை வளர்த்துக்கொள்ள வேண்டும்: சீலை மாற்றும் முன் பிரீதரைப் பாருங்கள். ஆக்சிலின் மேல் இருக்கும் சிறிய காற்றுப்போக்கி சேறாலோ புதுப் பெயின்ட்டாலோ அடைத்திருந்தால், ஓடிச் சூடான ஆக்சிலுக்குள் அழுத்தம் ஏறி, எத்தனை புதுச் சீல் போட்டாலும் எண்ணெயைப் பிதுக்கி பிரேக் டிரம்முக்குள் தள்ளும். வில்லிஸ் ஜீப்பில் கியர் பாக்ஸின் எண்ணெய் குறைந்து டிரான்ஸ்ஃபர் கேஸின் எண்ணெய் கூடினால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. இரண்டுக்கும் இடையேயான அடைப்பைத் தாண்டி எண்ணெய் இடம் மாறியிருக்கிறது. பித்தளை அல்லது வெண்கலச் சிங்க்ரோ வளையங்கள் (கியர் மாற்றும்போது பற்களின் வேகத்தைச் சமப்படுத்துபவை) உள்ள பழைய கியர் பாக்ஸுக்குக் கையேடு வேறு சொல்லாதவரை ஜிஎல்-4 தரக் கியர் எண்ணெயே பொருத்தம்.

பிரேக்கும் ஸ்டீயரிங்கும்

முதல் மிதியில் பெடல் கீழே போய், உடனே இரண்டாம் மிதியில் உயர்ந்தால் ஷூக்களை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது. ஒரே அழுத்தத்தில் மிதித்துப் பிடித்திருக்கப் பெடல் மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே கசிவு இல்லாதவரை, மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது. காலை எடுத்த பிறகும் ஒரு சக்கரம் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தச் சக்கரத்தின் பிளீட் நிப்பிளைத் தளர்த்திப் பார்க்க வேண்டும்: திரவம் பீச்சிச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் குழாயில் சிக்கியிருக்கிறது, பெரும்பாலும் ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கியிருக்கும், விடுபடவில்லை என்றால் வீல் சிலிண்டரோ ஷூவோ இறுகியிருக்கிறது. நான்கு சக்கரமும் சேர்ந்து பிடித்தால், பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையே சிறிது வெற்று ஆட்டம் விடாமல் கம்பியை நீளமாக வைத்துவிட்டோம் என்று பொருள். இந்த வண்டிகளில் பலவற்றுக்கு ஒரே ஒரு பிரேக் சுற்று மட்டுமே உண்டு. ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை. ஆகவே பழைய ஹோஸ்களை மீண்டும் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை, பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும். டாட் 5 சிலிக்கான் பிரேக் திரவத்தை டாட் 3, டாட் 4 திரவங்களுடன் கலக்கவே கூடாது.

ஒரு பள்ளத்தில் இறங்கியதும் முன் சக்கரங்கள் வெறிபிடித்ததுபோல் இடவலமாக உதறத் தொடங்கினால், கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங்கின் இறுக்கம், ஸ்டீயரிங் கம்பிகளின் மூட்டுகள், ஸ்பிரிங் புஷ்கள், டயர் பேலன்ஸ் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் டேம்பர் ஒன்றைப் பூட்டினால் உதறல் மறையும், ஆனால் தேய்மானம் அப்படியே இருக்கும். ரப்பர் புஷ் உள்ள பட்டை ஸ்பிரிங்குகளில், அவற்றின் போல்ட்டுகளை வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போது முழுதாக முறுக்கினால், சக்கரம் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சில மாதங்களில் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு. புதிய ஸ்பிரிங் போட்டும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால், இடம் வலம் மாறியிருக்கலாம். சில மாடல்களில் ஓட்டுநர் பக்க ஸ்பிரிங் சற்று வலுவானது.

முதல் ஓட்டம்

முதலில் வண்டி நின்ற இடத்திலேயே எஞ்சின் முழுச்சூடு அடையும் வரை ஓடட்டும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது தண்ணீரில் தொடர்ந்து குமிழ்கள் வந்தால், எரிந்த வாயு ஹெட் கேஸ்கெட்டைத் தாண்டி வருகிறது. சூடான பிறகு அந்த மூடியைத் தொடவே கூடாது. பிறகு ஆள் நடமாட்டமில்லாத சமதளத்தில் நடை வேகத்தில் பிரேக்கைப் பலமுறை சோதித்த பின்னரே சாலைக்குப் போகலாம். ஐந்து கிலோமீட்டர் ஓட்டியதும் நிறுத்தி, நான்கு ஹப்களுக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மற்ற மூன்றைவிட ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக் உரசுகிறது, அல்லது வீல் பேரிங் இறுக்கமாக இருக்கிறது.

திரும்பி வந்ததும் வண்டிக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து இரவு முழுதும் விட்டுவிட்டு, காலையில் கறை எந்தப் பாகத்துக்கு நேர்கீழே விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கெட்டியாக, கந்தக வாடையோடு இருப்பது கியர் எண்ணெய். தண்ணீர்போல் மெலிந்து வழவழப்பது பிரேக் திரவம், அது கண்டால் வண்டியை நகர்த்தக்கூடாது. பிறகு, முறுக்கு அளவு கையேட்டில் உள்ளபடியே இருக்க, சக்கர நட்டுகள், ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட்டுகள், புரொப்பல்லர் ஷாஃப்ட் ஃபிளாஞ்ச் போல்ட்டுகள் ஆகிய மூன்றையும் மறுபடி முறுக்க வேண்டும். டிரம் முகத்திலும் சக்கரத்தின் உட்புறத்திலும் தடிமனாகப் பெயின்ட் அடித்திருந்தால் ஓட ஓட அந்தப் பெயின்ட் நசுங்கி நட்டு தளரும். அந்த இரு முகங்களையும் சுரண்டிவிட்டு, அடுத்த நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி ஒருமுறை நட்டுகளைச் சரிபாருங்கள்.